மீற்றர் சொன்னதும் தகரம் சொன்னதும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், குருக்கள்மடத்தைக் கடந்ததும் வருவது செட்டிபாளையம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவ்வூரைச் சேர்ந்த உறவுக்காரப் பையன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். கட்டாரில் ஒன்பது ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்பியவன். எங்கள் பகுதி வழக்கப்படி தங்கைக்கு வீடு கட்டிக் கொடுத்து, கலியாணத்தையும் முடித்து வைத்திருந்தான். அதற்குப் பிறகும் கையில் ஒரு தொகை எஞ்சியிருந்தது.

"மாமா, ஒரு கார் பாத்து வச்சிருக்கன். நீங்க ஒருக்கா வந்து பாக்கணும்" என்றான்.

வான் ஒன்றை வாங்கி வாடகைக்கு விடப் போகிறான் என்றே நினைத்தேன். கைத்தொலைபேசியில் அவன் காட்டியதோ சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். இருவர் மட்டுமே அமரலாம். கூரையை மடித்துப் பின்னால் வைத்துவிடலாம். 1990ஆம் ஆண்டில் தயாரான மஸ்டா எம்.எக்ஸ்-5. கொழும்பின் புறநகர் ஒன்றில் விற்பனைக்கு நின்றது. ஓடிய தூரம் 62,000 கிலோமீற்றர் என்றது விளம்பரம்.

அவனுடைய தாயார் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "அவன் ஆசப்பட்டு ஒண்டும் கேட்டதில்ல தம்பி. வேண்டாமெண்டு சொல்ல எனக்கு மனம் வருகுதில்ல. ஆனா இந்தக் காசு போனா மறுகா வராது."

நாற்பது ஆண்டுகள் செய்தித்தாளில் வேலை பார்த்தவன் என்பதைத் தவிர, கார் பார்க்கும் தகுதி எதுவும் எனக்கில்லை. ஆயினும் ஒரு செய்தியை எப்படிச் சரிபார்ப்போமோ அப்படித்தான் ஒரு காரின் வரலாற்றையும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்பதை அந்தப் பயணத்தில் அறிந்துகொண்டேன். அந்த வரலாற்றினுள்ளே இந்த நாட்டின் வரலாறும் கொஞ்சம் கிடந்தது. அதனாலேயே இதனை எழுதுகிறேன்.

தகட்டில் எழுதிய வரலாறு

இலங்கையில் பாவித்த வாகனம் ஒன்றைப் பார்க்கச் செல்பவர் முதலில் நோக்குவது இலக்கத் தகட்டை. தகட்டை வைத்தே வயதைச் சொல்லிவிடும் பழக்கம் எங்களுக்கு உண்டு. 1950களின் நடுப்பகுதி வரை பதிவான வாகனங்கள் சி.எல்., ஈ.எல்., ஈ.என். என ஆங்கில எழுத்துத் தொடர்களைத் தாங்கியிருந்தன. 'சிலோன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளே அவை. பின்னர் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. 1980களின் இறுதியில் அது கைவிடப்பட்டு, நடுவே சிறுகோடிட்ட வெறும் இலக்கங்கள் வந்தன. 2000ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்துகள் மீண்டும் வந்தன.

இத்தகடுகளுள் 'ஸ்ரீ' தகட்டுக்குத் தமிழர் வரலாற்றில் தனியிடம் உண்டு. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியதன் பின்னால், 1957 ஜனவரி முதல் வாகனங்களில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இடம்பெற வேண்டுமென்று விதிக்கப்பட்டது. தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்து ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தைத் தொடங்கியது. 1957 ஜூலை 26இல் கைச்சாத்தான பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தத்தையடுத்து அது தணிந்தது. 1958இன் முற்பகுதியில், புதிதாக அரசுடைமையாக்கப்பட்ட போக்குவரத்துச் சபையின் பஸ்கள் 'ஸ்ரீ' தகடுகளோடு வடக்குக்கு அனுப்பப்பட்டபோது மீண்டும் தார் பூசும் போராட்டம் மூண்டது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. 1958 ஏப்ரல் 9இல் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் இனவன்செயல் வெடித்தது. வாகனத்தின் வயதைக் காட்டும் எழுத்து ஒன்று நாட்டின் தலைவிதியையும் காட்டியது.

ஆயினும் தகடு முழு உண்மையைச் சொல்வதில்லை. இலங்கையில் எப்போது பதிவானது என்பதை மட்டுமே அது சொல்லும். யப்பானில் சில ஆண்டுகள் ஓடிய பிறகு இங்கு வந்த காரின் உண்மையான பிறப்பை அடிச்சட்ட இலக்கமே சொல்லும். நாங்கள் பார்க்கச் சென்ற கார், நடுவே கோடிட்ட இலக்கத் தகடுடையது. யப்பானில் 'யூனோஸ் ரோட்ஸ்டர்' என்ற பெயரில் விற்கப்பட்ட வகை. ஆக, அதற்கு இரண்டு நாடுகளில் வரலாறு இருந்தது.

தட்டுப்பாடு வளர்த்த தொழில்

எங்களுடன் வந்தவர் களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கும் முதியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'பாஸ்'. தச்சரையும் மேசனையும் மெக்கானிக்கையும் இந்த நாட்டில் அப்படித்தான் அழைக்கிறோம். ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். ஆங்கிலத்து 'பாஸ்' என்பதும் அதே ஒல்லாந்த வேரிலிருந்து வந்ததே. அதிகாரியைக் குறிக்கும் சொல் எங்களிடம் கைத்தொழிலாளரைக் குறித்து நின்றதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி.

அவரது தொழில் தட்டுப்பாட்டில் வளர்ந்த தொழில். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதற்கு முன் வந்த மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40, ஹில்மன், பியூஜோ கார்களையே ஒரு தலைமுறை முழுவதும் ஓட்ட வேண்டியிருந்தது. உதிரிப்பாகம் கிடைக்காதபோது கடைசல் இயந்திரத்தில் அதனைக் கடைந்து எடுத்தார்கள். 1970களில் உபாலி விஜேவர்தன பியட், மஸ்டா கார்களை உள்நாட்டிலேயே பொருத்தி விற்றார். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு யப்பானியக் கார்கள் வரத் தொடங்கின. யப்பானிலும் இடப்பக்கமாகவே வாகனம் செலுத்துவர் என்பதால், அங்கு பாவித்த கார்கள் எந்த மாற்றமும் இன்றி இங்கு ஓடின. 'ரீகண்டிஷன்' என்ற சொல் எங்கள் மொழியில் குடியேறியது அவ்வாறுதான்.

அதன் பிறகு யுத்தம். 1990களில் எரிபொருள் தடைக்குள்ளான யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை ஊற்றி இயக்கிவிட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கம் குறைந்த பழைய ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்களே அதனைத் தாங்கின. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் வழிந்து கீழேயுள்ள எண்ணெயை நீர்க்கச் செய்யும். எஞ்சின் உள்ளூரத் தேயும். படுவான்கரைக்குப் பெற்றோல் கொண்டு செல்வதிலும் கட்டுப்பாடுகள் இருந்த காலம் அது. பத்திரங்கள் எரிந்து போன, உரிமையாளர் இடம்பெயர்ந்து போன வாகனங்கள் எத்தனையோ அக்காலத்தில் பாஸின் கைக்கு வந்தன. அவற்றுக்குச் சேர்விஸ் புத்தகம் எங்கே இருக்கும்? வாகனத்தைப் பார்த்தே அதன் கதையை அறிய வேண்டியிருந்தது.

"தாள் இருந்தா முதல்ல தாளப் பாப்பம். ஆனா தாளும் தகரமும் ஒரே கதையச் சொல்லணும்" என்றார் பயணத்தின்போது.

ஒரு பத்திரிகையாளனின் யோசனை

அந்தக் காரைப் பற்றி நான் வாசித்து வைத்திருந்ததில் ஒரு செய்தி என்னைக் கவர்ந்தது. அதன் தொடக்கத்தில் ஒரு பத்திரிகையாளர் இருக்கிறார். பொப் ஹோல் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர் 1979இல் மஸ்டா நிறுவனத்தின் கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, எளிய இரு இருக்கைத் திறந்த கார்களை இப்போது எவரும் செய்வதில்லை, நீங்கள் செய்யுங்கள் என்றாராம். பிரித்தானியரின் எம்.ஜி., ட்ரையம்ப், லோட்டஸ் எலான் போன்ற கார்களின் காலம் முடிந்துகொண்டிருந்த நேரம் அது. 1981இல் ஹோல் மஸ்டாவிலேயே வேலைக்குச் சேர்ந்தார். 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் கார் வெளியானது. எடை ஒரு தொன்னுக்கும் குறைவு. 1.6 லீற்றர் எஞ்சின். 1997 வரை தயாரான முதல் தலைமுறையில் மட்டும் நான்கு இலட்சத்துக்கு மேல் விற்பனையாயின. 2016இல் பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது.

இத்தகைய காரை வாங்குவதிலே ஒரு சிக்கல் உண்டு. வேலைக்குச் சென்று வரும் சாதாரணக் கார் ஏறத்தாழ ஒரே சீராகத் தேயும். ஸ்போர்ட்ஸ் கார் அப்படியல்ல. ஒருவர் அதனை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுத்துத் துடைத்து வைத்திருப்பார். இன்னொருவர் குளிர்ந்த எஞ்சினை உச்ச வேகத்துக்கு விரட்டியிருப்பார். இருவரும் ஓட்டிய தூரம் ஒன்றாகவே இருக்கலாம். ஓடாமல் நின்றதாலும் தேய்வு உண்டு. றபர் வளையங்கள் காயும், பெற்றோல் தாங்கி உள்ளே துருப்பிடிக்கும், பிரேக் பிடித்துக்கொள்ளும். 2022இல் எரிபொருளுக்காக நாம் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், எத்தனையோ கார்கள் அவ்வாறு நின்றே பழுதாகின. எனவே 'குறைந்த தூரம்' என்பது தன்னளவில் ஒரு நற்சான்று அன்று.

கூழாங்கல் கணக்கு

தூரத்தை அளக்கும் கருவி புதியதன்று. கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில் உரோமக் கட்டடக்கலைஞர் வித்ருவியஸ் அப்படியொரு வண்டியை விவரித்திருக்கிறார். சில்லு 400 தடவை சுழன்றால் 5,000 அடி, அதாவது ஓர் உரோம மைல். ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் விழும். பயண முடிவில் கற்களை எண்ணிக்கொள்ளலாம். பாத்திரத்திலிருந்து நான்கு கற்களை ஒருவர் எடுத்துவிட்டால் என்ன செய்வது என்பது பற்றி அவர் எழுதவில்லை.

அந்த நான்கு கற்களை எடுப்பதே பின்னாளில் ஒரு தொழிலாயிற்று. மீற்றரைத் திருப்புவதை அமெரிக்கா 1972இல் கூட்டாட்சிச் சட்டத்தின் மூலம் குற்றமாக்கியது. அதன் பின்னரும் ஆண்டுதோறும் 4,50,000க்கும் மேற்பட்ட வாகனங்கள் பொய்யான தூரக் கணக்குடன் விற்கப்படுவதாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டிருக்கிறது. பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970இல் எழுதிய கட்டுரை பழைய கார்ச் சந்தையை உதாரணமாகக் கொண்டது. காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் ஐயத்தின் விலையையே கொடுக்கிறார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல காரை வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுகிறார். கடைசியில் பழுதான கார்களே மிஞ்சுகின்றன. மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய அக்கட்டுரைதான், 2001இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்த ஆய்வின் அடித்தளம்.

இதற்கு யப்பானியர் கண்ட வழி, மூன்றாமவர் ஒருவரைக் கொண்டு எழுதி வைப்பது. அங்குள்ள ஏல நிலையங்களில் ஒவ்வொரு காருக்கும் ஓர் ஏலத் தாள் உண்டு. கீறலுக்கு ஏ, நசுங்கலுக்கு யூ, திருத்திய இடத்தின் அலைக்கு டபிள்யூ, மாற்றிய தகரத்துக்கு இரட்டை எக்ஸ், விபத்தில் அடிபட்டுத் திருத்திய காருக்கு ஆர் என்று குறியிடுவர். யப்பானிலிருந்து அண்மையில் வந்த காரை வாங்குவோர் அந்தத் தாளை அவசியம் கேட்டுப் பெறவேண்டும். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்த காரின் தாள் எங்கே கிடைக்கும்?

முழங்காலில் நின்று பார்த்தவை

கார் ஒரு வீட்டின் முற்றத்தில் நின்றது. சூரிய ஒளியில் பளபளத்தது. தம்பியின் முகத்தைப் பார்த்தபோது, விலை பேசுவதற்கு முன்பே அவன் வாங்கிவிட்டான் என்பது புரிந்தது. பாஸ் காரின் அழகைப் பார்க்கவேயில்லை. எஞ்சின் மூடியில் கையை வைத்தார். சூடாக இருந்தது. "நாங்க வர முந்தியே ஸ்ராட் பண்ணி இருக்காங்க. ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு மரநிழலில் அமர்ந்தார். குளிர்ந்த எஞ்சின் முதல் தடவை இயங்கும்போது எழும் சத்தமும் புகையும் சூடான எஞ்சினில் மறைந்துவிடும். நீலப் புகை எண்ணெய் எரிவதைச் சொல்லும். நிற்காத வெண்புகை நீர் கசிவதைச் சொல்லும்.

காத்திருந்த நேரத்தில் உள்ளே பார்த்தார். மீற்றரில் 62,000. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 2,000 கிலோமீற்றர்கூட இல்லை. ஆனால் கிளட்ச் மிதியின் றபர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. பிரேக் மிதியில் மட்டும் புத்தம் புதிய றபர். சாரதி இருக்கையின் வெளியோரம் உட்கார்ந்து எழுந்து நைந்திருந்தது. மீற்றரின் இலக்கங்களும் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஒன்று சற்று மேலே நின்றது. இவற்றுள் எதுவும் தனித்துச் சான்றாகாது. எல்லாம் ஒரே திசையைக் காட்டும்போதுதான் ஐயம் வலுக்கும்.

எஞ்சினுக்கு அவர் அதிக நேரம் செலவிடவில்லை. 1991இன் நடுப்பகுதிக்கு முன் தயாரான எஞ்சின்களில் கிராங் முனை குட்டையானது. கீழ்க்கப்பி ஆடுகிறதா என்று எஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டும். ஆடினால் பெருஞ்செலவு. டைமிங் பெல்ட்டை ஏறத்தாழ 1,00,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றவேண்டும். மாற்றியவர்கள் வழமையாக எஞ்சின் பகுதியில் திகதியும் தூரமும் எழுதிய சிறு ஒட்டி ஒன்றை ஒட்டிவிடுவார்கள். இங்கே அப்படி ஒட்டியிருந்த அடையாளம் மட்டும் இருந்தது, ஒட்டி இல்லை. ரேடியேற்றரின் மேற்பகுதிப் பிளாஸ்ரிக் கறுப்பு மாறிப் பழுப்பாகியிருந்தது. அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். நான்கு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்தார். பெரிய வேறுபாடு இல்லை. "எஞ்சின் பரவாயில்ல" என்றார். தம்பியின் முகம் மலர்ந்தது.

பின்னர் துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டு முழங்காலில் அமர்ந்தார். இந்தக் காரின் உயிர்நிலை, கதவுக்குக் கீழே முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவே ஓடும் பெட்டி போன்ற தகரம். கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளின் பின்னாலுள்ள இரு துளைகள் வழியாகக் கீழே வடிய வேண்டும். இலைகுப்பை அத்துளைகளை அடைத்தால் நீர் அந்தப் பெட்டிக்குள் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ற் பளபளக்கும்போதே உள்ளே தகரம் போய்விடும். கதவின் நடுப்பகுதி வரை தகரத்தைப் பற்றிய காந்தம் பின் சில்லை நெருங்கியதும் பிடிவிட்டு விழுந்தது. மறுபக்கமும் அப்படியே. அங்கே இருந்தது தகரமன்று, புட்டி.

அதன் பிறகே அவர் இருக்கைப் பட்டியைக் கடைசிவரை இழுத்தார். எவரும் முழுதாக இழுக்காத கடைசி முழத்தில் பழுப்பாக ஒரு கோடு. சாரதி இருக்கையைக் கழற்றிக் கார்ப்பெற்றைத் தூக்கினார். தகரத்தின் மடிப்புகளுக்குள் மெல்லிய மணல் படிந்திருந்தது. மணலோடு மடித்துச் சுருண்ட அட்டை ஒன்றும் கிடைத்தது. தென்கரையோர நகர் ஒன்றில் எண்ணெய் மாற்றியதற்கான அட்டை. மை கரைந்திருந்தாலும் கடைசி வரியை வாசிக்க முடிந்தது. 2004 நவம்பர். 1,38,000 கிலோமீற்றர்.

அந்த ஆண்டின் டிசம்பர் 26இல் நிகழ்ந்ததை எங்கள் கரையில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. கடல்நீர் புகுந்தது எந்த நாளில் என்பதை அந்தக் கார் சொல்லவில்லை. புகுந்தது என்பதை மட்டும் சொன்னது. கடல் வந்தபோது தம்பிக்கு எட்டு வயது. மணலைக் கிள்ளி விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தான். "கடல் மண் மாமா" என்றான். வேறெதுவும் பேசவில்லை.

யாரைக் குற்றம் சொல்வது?

விற்பவர் எங்களைவிட அதிகமாக அதிர்ந்துபோனார். அவர் அதை வாங்கியது 2019இல். எம்.ரி.ஏ. 6 படிவத்தில் முன்னைய உரிமையாளரின் கையொப்பம் மட்டும் இருக்க, வாங்குபவரின் பெயரை நிரப்பாமலே வாகனம் கைமாறும் வழக்கம் இந்த நாட்டில் நெடுங்காலமாக உண்டு. 'ஓப்பன் பேப்பர்' என்பார்கள். அந்தக் கார் இடையில் இரண்டு கைகளோ மூன்று கைகளோ அப்படியே மாறி அவரிடம் வந்திருக்கிறது. அந்தக் கைகளுக்குப் பதிவுச் சான்றிதழில் பெயரில்லை. மீற்றரைத் திருப்பியவர் யார், புட்டி பூசியவர் யார் என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை. அவரும் ஏமாந்தவரே.

அவர் விலையைப் பாதியாகக் குறைக்க முன்வந்தார். 2020 மார்ச் முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய கார்களின் விலை ஆகாயத்தில் நின்ற காலம் அது. பாதி விலை என்பது பெரிய ஆசை. தம்பி பாஸைப் பார்த்தான். பாஸ் சொன்னது இவ்வளவே: "எஞ்சினக் கழட்டி வேற போடலாம் மனே. உப்புத் தின்ட தகரத்த எங்க கழட்டிப் போடுற?"

திரும்பி வரும் வழியில், மன்னம்பிட்டி தாண்டும் வரை அவன் பேசவில்லை.

கோப்பில் இருந்த கார்

ஐந்து மாதங்களின் பின் கண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தகவல் வந்தது. அதே வகைக் கார். பெயின்ற் மங்கியது. கூரையின் பின்புறப் பிளாஸ்ரிக் சன்னல் வெடித்து ஒட்டப்பட்டது. மீற்றரில் 1,84,000. படத்தைப் பார்த்தபோது தம்பிக்கே பிடிக்கவில்லை. ஆயினும் சென்றோம்.

உரிமையாளர் ஓய்வுபெற்ற மனிதர். 1998இல் வாங்கிய நாள் முதலான பற்றுச்சீட்டுகளை ஒரு கோப்பில் திகதி வாரியாக வைத்திருந்தார். எண்ணெய் மாற்றிய நாள், தூரம், டைமிங் பெல்ட் மாற்றிய இரு தடவைகள், ஒரு முறை மதிலில் மோதியதற்கான காப்புறுதிக் கடிதம்கூட அதில் இருந்தது. பாஸ் கோப்பை என்னிடம் தந்துவிட்டுக் காந்தத்துடன் கீழே அமர்ந்தார். நான் தாளை வாசித்துச் சொல்ல, அவர் தகரத்தில் அதனைத் தேடினார். மதிலில் மோதிய மூலையில் காந்தம் தளர்ந்தது. வேறெங்கும் தளரவில்லை. மிதிகளின் றபர் தேய்ந்திருந்தது, 1,84,000 கிலோமீற்றருக்குத் தேய வேண்டிய அளவுக்கு. இருக்கைப் பட்டியின் கடைசி முழம் சுத்தமாக இருந்தது.

தாளும் தகரமும் ஒரே கதையைச் சொல்லின. அதிக தூரம் ஓடிய கார், மங்கிய கார், அடிபட்ட கார். ஆனால் எதையும் மறைக்காத கார். தம்பி அதனை 2024 டிசம்பரில் வாங்கினான். கண்டியிலேயே உரிமைமாற்றப் படிவத்தில் தன் பெயரை முழுதாக எழுதிக் கையொப்பமிட்டான். 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறந்துவிடப்பட்டது. விலை இறங்குமா ஏறுமா என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

முதற் பயணத்தில் முன்னிருக்கையில் தாயார் அமர்ந்திருந்தார். 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரிடம் போய்வந்தார்கள். முன்பு அந்த இடத்தில் பாதையில் ஏறித்தான் அக்கரைக்குப் போகவேண்டும். கூரையைத் திறக்க வேண்டாம், தலை கலையும் என்று தாயார் சொல்லிவிட்டாராம்.

அண்மையில் செட்டிபாளையம் போயிருந்தபோது, அவன் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். முதற் பக்கத்தில் திகதி, தூரம், மாற்றிய எண்ணெய். அடுத்த வரியில், இருக்கையின் பின்னாலுள்ள நீர்த்துளைகளைத் துப்புரவாக்கிய நாள். ஊரில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இரண்டிலிருந்தும் உப்புக்காற்று. மாதம் ஒரு முறை அடித்தகரத்தை நன்னீரால் கழுவ வேண்டும் என்று பாஸ் சொல்லியிருந்தார். கழுவிய திகதிகளும் வரிசையாக இருந்தன. ஒரு மாதத்தில் மட்டும் இடைவெளி.

"அந்த மாசம் கழுவல்ல மாமா. மழை" என்றான். "கழுவினதெண்டு எழுத மனம் வரல்ல."